ஸ்டிக்கர் கடைக் கேள்விகள்: பிளாட்டரைத் திட்டுவதற்கு முன்

வினைல், அதாவது பின்புறம் பசை உள்ள பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள், அந்த வேலை பற்றிக் கேள்விகள் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் பாதி, வினைல் வெட்டும் மெஷினான பிளாட்டரைப் பற்றி, "மெஷின் சரியில்லையா?" என்றே இருந்தன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணா, புது பிளாட்டர். சின்ன எழுத்து வெட்டினால் மூலை கிழிகிறது. வேண்டாத பாகத்தை உரிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடுகிறது. மெஷின் கோளாறா?

மெஷினைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள் தம்பி. முதலில் பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். வினைல் முழுதாக அறுபட வேண்டும். அடித்தாளில் லேசான கீறல் மட்டும் விழ வேண்டும். தாளும் அறுந்தால் பிளேடு அதிகம் நீட்டியிருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். ஒவ்வொரு ரோல் மாற்றும்போதும் ஒரு சின்னச் சதுரம் வெட்டி உரித்துப் பாருங்கள். மூலை கூராக வராமல் உருண்டு வந்தாலோ, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராவிட்டாலோ ஆஃப்செட் (பிளேடின் முனை அதன் நடு அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரம் என்று மெஷினுக்குச் சொல்லும் அளவு) தவறு. அழுத்தத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. சாதாரண வினைலுக்கு 45 டிகிரி பிளேடு போதும். தடித்த சரக்குக்கும் நுணுக்கமான வேலைக்கும் 60 டிகிரி.

தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். 'ஞ', 'ணை' மாதிரி எழுத்துகளில் உள்ளே சிக்கும் துண்டு அரிசி அளவுகூட இருக்காது. அவ்வளவு பொடி எழுத்தை வெட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிடப் பிரிண்ட் அடித்து, சுற்றி ஒரே வெட்டாக வெட்டுவது நல்லது.

வீட்டிலிருந்தே தொடங்கியிருக்கிறேன் சார். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் போதுமா?

பிரிண்ட் வேலைக்கு ஓரளவு சரிப்படும். வெட்டும் எழுத்துக்குச் சரிப்படாது அம்மா. ஒரே ஒரு பெரிய எழுத்தும், அதே பரப்பில் பத்து வரி முகவரியும் ஒன்றாகுமா? முதலாவதை உரிக்க ஒரு நிமிடம். இரண்டாவது உங்கள் மதியத்தையே தின்றுவிடும். ஒரு மாதம் கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை எழுதுங்கள். டிசைன், வெட்டு, உரிப்பு, டிரான்ஸ்பர் டேப் (வெட்டிய எழுத்தை இடம் மாறாமல் எடுத்து ஒட்ட உதவும் டேப்) போடுவது, ஒட்டப் போய் வந்த நேரம் எல்லாம் சேர்த்து. பார்த்தால் உங்களுக்கே பகீரென்றிருக்கும்.

வீணாகும் சரக்கும் விலைக்குள் வர வேண்டும். 61 செ.மீ. அகல ரோலில் 40 செ.மீ. உயர எழுத்து வெட்டினால், ஓரத்தில் மிஞ்சும் பட்டையை அந்த வாடிக்கையாளர்தான் வாங்கியிருக்கிறார். எவ்வளவு சின்ன வேலைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வையுங்கள். பாதிப் பணம் வராமல் பிளேடைத் தொடாதீர்கள்; ஒருவர் பெயரை வெட்டிய ஸ்டிக்கரை இன்னொருவருக்கு விற்க முடியாது.

வேனில் ஒட்டிய படம், உடம்பில் பள்ளமாக இருக்கும் வரிகளில் ஒரே மாதத்தில் தூக்கிக்கொண்டது. பசை மோசமா?

என்ன வினைல் என்று நீங்கள் எழுதவில்லை. கேலண்டர்ட் வகையாகத்தான் இருக்கும். அது உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்யப்படுவது. இழுபட்டதை அது மறக்காது. வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் வகையைத் திரவமாக ஊற்றி அடுப்பில் உலர்த்துகிறார்கள். சுமார் 50 மைக்ரான்தான், அதனால் வளைவில் படிந்து உட்காரும். சமதளப் பலகைக்குக் கேலண்டர்ட் தாராளமாகப் போதும். பள்ளம் மேடு உள்ள வண்டிக்குக் காஸ்ட். பிரிண்டைக் காக்க மேலே போடும் தெளிவான படலமான லேமினேஷனும் காஸ்டாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் அது சுருங்கிக் கீழே இருப்பதையும் இழுக்கும்.

காஸ்ட் போட்டும் தூக்கினால், ஒட்டியபின் அந்தப் பள்ளங்களுக்கு மறுபடி சூடு காட்டவில்லை என்று அர்த்தம். சாவகாசமாக, தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எக்கோ சால்வென்ட் (ஆவியாகும் கரைப்பான் கலந்த மை) பிரிண்ட் என்றால் லேமினேஷனுக்கு முன் 24 மணி நேரமாவது காற்றாட விடுங்கள். மை உலர்ந்தாற்போலத் தெரியும். உள்ளே சால்வென்ட் நின்று பசையை இளக்கும்.

கண்ணாடியில் குமிழி வருகிறது.

சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால் (தேய்த்துத் தள்ளும் தட்டையான பட்டையால்) தள்ளுங்கள். உட்புறம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டுமானால், வெட்டும் முன் மிரர் செய்ய, அதாவது எழுத்தை இடவலமாகத் திருப்ப வேண்டும். சிரிக்காதீர்கள், நானும் மறந்திருக்கிறேன்.

புதிதாக பெயின்ட் அடித்த கதவில் உடனே ஒட்டச் சொல்கிறார்கள்.

ஒட்டாதீர்கள். அவசரத்துக்கு மசிந்து ஒருமுறை ஒட்டினேன். இரண்டாம் நாள் அம்மை போட்ட மாதிரி கொப்பளம். பெயின்ட் உள்ளிருந்து வாயு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உரித்தேன், பெயின்டும் சேர்ந்து வந்தது. பெயின்ட் செலவும் என் தலையில். இப்போது ஓரமாக ஒரு துண்டு வினைலை ஒட்டி மறுநாள் பார்த்த பிறகே வேலையை எடுக்கிறேன்.

சாலையிலிருந்து படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. உயரம் என்று கணக்குப் போடுங்கள். 30 மீட்டர் என்றால் 25 செ.மீ. அவ்வளவு இடமில்லை என்றால் சொற்களைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டிய பிறகு "எழுத்துப் பிழை" என்கிறார் வாடிக்கையாளர். யார் செலவு?

அவர் எழுத்தில் ஒப்புதல் தந்திருந்தால் அவர் செலவு, இல்லையென்றால் உங்களுடையது. வாய்ச்சொல்லாக "சரி, போடுங்க" என்றதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். தமிழ் ஃபான்ட் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். அதனால் எழுத்தைக் கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, படமாக அனுப்பி, அந்தப் படத்துக்கே பதில் வாங்குங்கள். அப்புறம் 'ல, ள, ழ' மூன்றையும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் பின்னாலிருந்து முன்னாக ஒவ்வோர் இலக்கமாகப் படியுங்கள்.