உப்பு, ஈரம், காற்று: மட்கு உரம் பற்றிப் பாலக்காட்டு எல்லைப்புற வாசகர் கேள்விகள்

எங்கள் கல்யாண மண்டபத்தில் மாதம் எட்டு முகூர்த்தம். ஒவ்வொன்றுக்கும் 300 கிலோ இலையும் மிச்சமும் தேறும். பஞ்சாயத்து எங்களையே மட்க வைக்கச் சொல்கிறது. சட்டம் அப்படியா? எத்தனை தொட்டி வேண்டும்? (கொழிஞ்சாம்பாறை)

முதலில் கணக்கு. மாதம் 2,400 கிலோ, நாள் சராசரி 80 கிலோ. பஞ்சாயத்து சொல்வது 'பெருமளவு கழிவு உண்டாக்குபவர்' மேல் விழும் கடமை; அப்படி ஆவதற்கு 2016 திடக்கழிவு விதிகள் வைத்த கோடு நாள் சராசரி 100 கிலோ. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திடக்கழிவு விதிகளிலும் அந்த 100 கிலோ இருக்கிறது. கூடவே 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்று இன்னும் இரண்டு அளவுகோல்கள். மூன்றில் ஒன்று பொருந்தினாலே நீங்கள் உள்ளே. எடைக் கணக்கில் இப்போது தப்புகிறீர்கள். பத்து முகூர்த்தம் வரும் மாதத்தில் சரியாக 100 கிலோவைத் தொட்டுவிடுவீர்கள். அதனால் வாதாடுவதைவிடத் தொட்டி கட்டுவது மேல். உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பது 2016 விதியிலேயே இருந்தது.

உங்களுக்குத் தும்பூர்மூழி தொட்டி பொருந்தும். திருச்சூர் மாவட்டத் தும்பூர்மூழியில், கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான முறை இது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம், பலகைகளுக்கிடையே காற்றுக்கு இடைவெளி, மேலே கூரை. ஆறு அங்குலம் சாணி, ஆறு அங்குலம் சருகு, ஆறு அங்குலம் கழிவு என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கிளறத் தேவையில்லை. நடுவில் 70 டிகிரி வரை சூடு ஏறும். நிரம்பிய பின் 90 நாள் விட்டுவிட வேண்டும்.

ஒரு கழிவுப் படுகையில் ஏறத்தாழ 100 கிலோ பிடிக்கும். கழிவு அமுங்கிக்கொண்டே வருவதால் ஒரு தொட்டியில் ஐந்து படுகை வரை போடலாம். மாதம் 24 படுகை என்றால் ஐந்து தொட்டி நிரம்பும். 90 நாள் காத்திருப்பையும் நிரப்பும் நாட்களையும் சேர்த்தால் 16 தொட்டி. நான்கைந்து தொட்டி விற்றுவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. இரண்டாம் மாதமே இடமில்லாமல் கழிவு தொட்டிக்கு வெளியே குவியும்.

சாணிதான் பெரிய செலவு. ஆறு அங்குலப் படுகை ஒன்றுக்கு 200 கிலோ வரை இழுக்கும். பக்கத்து மாட்டுப் பண்ணையோடு மாத ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சாணியை மெலிதாக்கி, அதன்மேல் நுண்ணுயிர்க் கலவை தூவுங்கள். முழு வாழை இலையைப் போடாதீர்கள். இலைமேல் இலை படிந்து காற்றை அடைத்துவிடும். அரைச் சாண் துண்டுகளாக நறுக்குங்கள். ரசம், மோர், பாயசத்தை வடிகட்டிய பிறகே மிச்சம் தொட்டிக்குப் போகட்டும். தொட்டி அடியில் கருப்புத் தண்ணீர் வழிந்தால் சருகு போதவில்லை என்று பொருள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போகவில்லை. மூக்கை எரிக்கும் அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிகுதி. இரண்டுக்கும் மருந்து சருகோ வைக்கோலோதான், முந்தியதற்கு அதோடு கொஞ்சம் கிளறலும்.

வேலந்தாவளம் சந்தைக் காய்கறிக் கழிவை எடுத்து உரம் தயாரிக்க ஒரு ஏக்கர் பார்த்திருக்கிறேன். தரை மண்தான். அனுமதிக்குப் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

தரையிலிருந்து தொடங்குங்கள். கழிவைக் குவிக்கும் இடத்தில் நீர் புகாத அடித்தளம் வேண்டும்: கான்கிரீட், அல்லது 50 செ.மீ. இறுக்கிய களிமண். அதற்கு 1 முதல் 2 சதவீதச் சாய்வும், சுற்றிலும் பூசிய வடிகாலும் தேவை. வெறும் மண்தரையில் போட்டால் கசிவுநீர் நேரே கிணற்றுக்குப் போகும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று ஏற்கனவே வகைப்படுத்தப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் அக்கம்பக்கத்தார் முதல் புகாரை அதைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

வடிகாலில் சேரும் கசிவுநீரைத் தொட்டியில் பிடித்துக் குவியல் மேலேயே திரும்பத் தெளிக்கலாம். 2016 விதிகளும் அதையே சொல்லின. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைவு. குவியல் காய்வதுதான் பெரும்பாடு, ஆகையால் கசிவுநீர் உண்மையில் உதவி. மிஞ்சியதை நிலத்தில் விட்டால் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஓடையில் விட்டால் 30. தக்காளிக் கழிவின் பச்சைக் கசிவுநீர் இந்த எண்களுக்குக் கிட்டவே வராது. எனவே திட்டத்தில் 'வெளியே விடுவதில்லை' என்றே எழுதுங்கள், அப்படியே நடத்துங்கள்.

அடுத்து காற்று. ஆலை எல்லையில், காற்று போகும் திசையில் வாடை எப்படி என்று அடிக்கடி பார்க்கச் சொன்னது 2016 விதி. பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும். மார்கழி, தை மாதங்களில் அதே கணவாயில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மரம் நட்டு வேலி போட்டால் பாதி வருடம் பயனில்லை. வீடுகள் கிழக்கிலும் மேற்கிலும் இருந்தால், வேறு மனை பாருங்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை.

நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் என்றால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பது 2016 விதி வைத்த கோடு. அதற்குக் கீழே இருந்தாலும் பஞ்சாயத்து உரிமமும் வாரியத்தின் பதிலும் எழுத்தில் இருக்கட்டும். இயந்திரம் பழுதானால் கழிவு வாங்குவதை நிறுத்த வேண்டும் என்பதும் விதிதான். சந்தையோடு போடும் ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்க்காதவர்கள் பழுது நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று: சிறுபான்மை மொழிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் விண்ணப்பிக்கவும், தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மலையாளம் எழுத வராது என்று ஏஜென்டிடம் போக வேண்டாம்.

ஆய்வக அறிக்கையில் ஈரம் 34, மின்கடத்துத்திறன் 6.2. மற்றதெல்லாம் சரி. உரம் கெட்டதா? (முதலமடை)

கெடவில்லை, ஆனால் அந்த நிலையில் பையிலடைத்து விற்க முடியாது. உரக்கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன்படி நகரக் கம்போஸ்டில் (நகரக் கழிவிலிருந்து வரும் மட்கு உரம்) ஈரம் 15 முதல் 25 சதவீதம், மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4.0 டெசிசீமென்ஸுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 6.5 முதல் 7.5, கரி-தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழ், 4 மி.மீ. சல்லடையில் 90 சதவீதம் விழ வேண்டும்.

ஈரம் எளிது. நிழலில் பத்து செ.மீ. கனத்தில் பரப்பி, தினம் கிளறி விடுங்கள். கிழக்குக் காற்றடிக்கும் மாதங்களில் சில நாளிலேயே இறங்கிவிடும்.

6.2 என்பது உப்பு. ஊறுகாய், சாம்பார், கோழி எரு, மாட்டுக் கோமியம் இவற்றிலிருந்து வருகிறது. மட்கும்போது குவியலின் எடை பாதியாகும். உப்பு எங்கும் போகாது, செறிந்துவிடும். தண்ணீர் விட்டு அலசச் சொல்வார்கள். செய்யாதீர்கள்: சாம்பல்சத்தும் நைட்ரேட்டும் சேர்ந்து போகும், அந்த நீர் மண்ணில் இறங்கும். மின்கடத்துத்திறன் 2 உள்ள இலைதழைக் கம்போஸ்டை 55 பங்கும் உங்களுடையதை 45 பங்கும் கலந்தால் ஏறத்தாழ 3.9 வரும். கலந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும், ஏனென்றால் தழைச்சத்து 0.8 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உப்பு குறையட்டும் என்று கழுவாத தென்னை நார்க்கழிவைக் கலப்பவர்கள் உண்டு. நார்க்கழிவிலேயே உப்பு இருக்கிறது, பிறகு 7-ஐப் பார்ப்பார்கள்.

அறிக்கைக்குக் காத்திராமல் வீட்டிலேயே பார்க்கலாம். 20 கிராம் உரத்தை 100 மி.லி. வாலைவடிநீரில் கலந்து, ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, வடிகட்டி, பேனா மீட்டரை வையுங்கள். மாதிரியைக் குவியலின் மேல்தோலிலிருந்து எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களில் குடைந்தெடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கு இரண்டை ஒதுக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரு கிலோவாக்குங்கள்.

'மற்றதெல்லாம் சரி' என்கிறீர்கள். கன உலோகங்களை இன்னொரு முறை பாருங்கள். கிலோவுக்கு ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300 மில்லிகிராம் வரைதான். தாமிரப் பூஞ்சைக்கொல்லி அடித்த தோட்டத்துச் சருகு தாமிரத்தை ஏற்றும். சாலைக் கூட்டல் தூசி ஈயத்தை ஏற்றும். தெருக் கூட்டலை உரக் குவியலில் சேர்ப்பவர்கள் பிறகு என்ன கலந்தாலும் மீள்வது கடினம்.

மண்புழு உரத்துக்கும் இதே எண்கள்தானா?

இல்லை. கரிமம் 18, தழைச்சத்து 1.0, மணிச்சத்து 0.8, சாம்பல்சத்து 0.8 சதவீதம் குறைந்தபட்சம் வேண்டும். நகரக் கம்போஸ்டில் கரிமம் 12 சதவீதம் போதும். பையில் இரண்டின் பெயரையும் மாற்றிப் போடக் கூடாது.

நார்க்கழிவை யூரியா போட்டு மட்க வைத்து மாந்தோப்புக்கு இடுகிறேன். இயற்கை வேளாண் சான்று கிடைக்குமா?

அந்த முறையில் கிடைக்காது. டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போடுவது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரவலாக்கிய நல்ல முறை. 112-க்கு 1 என்றிருக்கும் கரி-தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 ஆகும். ஆனால் யூரியா இயற்கை வேளாண் நெறியில் தடை. யூரியாவுக்குப் பதில் சாணியோ பயறுச்செடித் தழையோ சேருங்கள், நாள் கொஞ்சம் கூடும். வெளியே வாங்கும் நகரக் கம்போஸ்டையும் சான்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டே இடுங்கள்; இட்டுவிட்டுக் கேட்டால் மாற்றுக்காலம் (இயற்கை முறைக்கு மாறக் காத்திருக்கும் காலம்) முதலிலிருந்து ஓடக்கூடும்.

உரத்தை வாளையார் தாண்டிக் கோவைக்கு அனுப்பலாமா? மட்க வைக்காத பச்சைக் கழிவை?

தரம் தேறிய, முறையாகப் பையிலடைத்த உரத்தை அனுப்பலாம். தயாரிப்புச் சான்று கேரள வேளாண் துறையிடமிருந்தும், விற்பவருக்கான பதிவு தமிழ்நாட்டிலும் இருக்க வேண்டும். உரக்கட்டுப்பாட்டு ஆணை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருவதால், சான்றில்லாமல் விற்பது சின்னப் பிழையில்லை. சொந்தத் தோட்டத்துக்கு இடுவது வேறு.

பச்சைக் கழிவு வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் நெல்லை அருகே கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரளமே திரும்ப அள்ளிச் செல்ல நேர்ந்தது. அதன் பிறகு 'வெறும் காய்கறிதான்' என்று சோதனைச் சாவடியில் விளக்குவது வீண் வேலை.

'மக்கும்' என்று அச்சிட்ட பையைத் தொட்டியில் போடலாமா?

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியச் சான்று பையில் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் வீட்டுத் தொட்டிக்கு உதவாது. அந்தப் பைகள் 58 டிகிரி அளவில் பல வாரம் நிற்கும் பெரிய ஆலைக்கென்று சோதிக்கப்பட்டவை. குழாய்க்குள் மட்க வைக்கும் பைப் கம்போஸ்டில் போட்டால் ஆறு மாதம் கழித்துக் கிழிந்த பையாகவே கையில் வரும். தனியே வைத்து, வீடு வீடாகக் கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள்.