முதலில் காது, பிறகு கோப்பை

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் திருகோணமலை மாவட்டத்தில் 32 வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். பூனைகளிடம் பாடம் கற்றது ஓய்வுக்குப் பிறகு.)

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் வீட்டுக் கடுவன் கறுப்பனுக்கு 9 வயது. கருத்தடை செய்தது. ஆறரைக் கிலோ இருப்பான். இரண்டு மாதமாகக் குளியலறை வாளியே கதி என்று தண்ணீர் குடித்தான். அவனுடைய மண் தட்டில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த பிறகுதான் வைத்தியரிடம் கொண்டுபோனேன். இரத்தத்தில் சீனி 412. கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் ஒவ்வொரு யூனிட் போடச் சொன்னார். எனக்கும் சலரோகம், வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அதில் அவனுக்கும் பார்க்கலாமா? ஓட்டோவில் ஏற்றினால் ஊரையே கூட்டிவிடுகிறான். பக்கத்து வீட்டக்கா, "பைக்கற் சாப்பாட்டை இன்றைக்கே நிறுத்து, அவித்த மீன் மட்டும் கொடு, ஊசியே தேவைப்படாது" என்கிறார். எதை முதலில் செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: டீச்சர், அக்கா சொன்னதில் முக்கால் பங்கு சரி. ஆபத்து "இன்றைக்கே" என்ற சொல்லில் இருக்கிறது.

பூனை இறைச்சி தின்னப் பிறந்த சீவன். அதன் எச்சிலில் மாச்சத்தைக் கரைக்கும் நொதியம் கிடையாது. சாப்பாட்டோடு மொத்தமாக வந்து இறங்கும் சீனியைச் சமாளிப்பதில் அதன் ஈரலும் மந்தம். திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்கள் ஆட்கள் நீட்டுவதையெல்லாம் தின்னப் பழகிவிட்டன அல்லவா, அதேபோல நம் பூனைகளும் சோறும் மீன் குழம்பும் தின்னப் பழகின. வாய்தான் பழகியது, உடம்பு பழகவில்லை. ஆகவே மாச்சத்தைக் குறைத்தால் சீனி இறங்கும், சில பூனைகளில் இரண்டு மூன்று நாளிலேயே இறங்கும். ஆனால் இப்போது போடும் ஊசியின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்தது. சாப்பாடு மாறி ஊசி மாறாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு என் வீட்டுக் கதையே போதும்.

என் மனைவியின் பூனை செல்லன். அவனுக்கும் இதே வருத்தம், இரண்டு யூனிட் இன்சுலின் போய்க்கொண்டிருந்தது. நான் வைத்தியன், எல்லாம் தெரியும் என்ற எண்ணம். ஒரு திங்கட்கிழமை சோற்றையும் பைக்கற்றையும் ஒரேயடியாக நிறுத்திக் கோழியும் டின் உணவும் கொடுத்தேன். ஊசியைக் குறைக்கவில்லை. கோயில் திருவிழா அலைச்சலில் இரண்டு நாள் காதில் குத்தியும் பார்க்கவில்லை. புதன் இரவு பதினொரு மணிபோல் அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தான். கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன. எழுப்பினால் குடித்தவன்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். மனைவி டோர்ச் பிடிக்க, காதில் குத்திப் பார்த்தேன்: 38. விரலில் தேன் தொட்டு ஈறில் தடவித் தடவிக் கால் மணி நேரம். பிறகு தலையைத் தூக்கி என் விரலையே கடித்தான். அந்தக் கடியைப்போல் நிம்மதி தந்த கடி வேறில்லை. விடியும்வரை ஒரு மணிக்கொரு தரம் குத்திப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் காது. கோப்பையில் கை வைப்பது பிறகு.

உங்கள் மீட்டர் போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: மனிதருக்கென்று செய்த மீட்டர் பூனை இரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். பூனைக்கென்றே தயாரித்த மீட்டர்கள் உண்டு, ஸ்ட்ரிப் விலை கூட. எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து பாவியுங்கள், மாற்றி மாற்றிப் பார்த்தால் கணக்குக் குழம்பும். வெளிநாட்டுப் புத்தகங்களில் 5, 12 என்று சின்ன இலக்கம் கண்டால் பயப்படாதீர்கள், அது வேறு அலகு (mmol/L), 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்.

முதல் நான்கைந்து நாள் குத்தவே வேண்டாம். ஒரே நேரத்தில், ஒரே பாயில் கறுப்பனை இருத்தி, காதைப் பிடித்துத் தடவி, ஒரு துண்டு அவித்த கோழி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காது என்றால் கோழி என்று அவன் மனதில் பதியட்டும். பிறகு ஒரு கைப்பிடி அரிசியைத் தாச்சியில் இலேசாகச் சூடாக்கி, பழைய காலுறையில் கட்டி, முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சுடாவிட்டால் காது ஓரத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். குளிர்ந்த காதில் இரத்தம் வராது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு இரத்தக்குழாய் ஓடுவது தெரியும். குழாயில் குத்தாதீர்கள், குழாய்க்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய இடத்தில் குத்துங்கள். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விரலின் சீனியைத்தான் அளப்பீர்கள். (நான் அளந்திருக்கிறேன். 118 என்று வந்தது, சந்தோஷப்பட்டேன்!) கறுப்பன் கறுப்பு என்பதால் விளிம்பில் மிக மெல்லியதாக வாசலின் தடவுங்கள், துளி மயிரில் பரவாமல் மணியாக நிற்கும். மீட்டருக்கு வேண்டியது கடுகில் பாதி. எடுத்ததும் பஞ்சால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டுக் கோழித் துண்டைக் கொடுங்கள். இரண்டு தரம் குத்தியும் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம்.

வீட்டில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பூனை பயந்தால் சீனி ஏறும். சலரோகமே இல்லாத பூனைகூட வைத்தியரின் மேசையில் 300ஐத் தாண்டிக் காட்டலாம். உங்கள் 412இல் ஓட்டோவின் பங்கு எவ்வளவு என்று யார் கண்டது? ஆனால் எறும்பு பொய் சொல்லாது. இரத்தத்தில் ஏறத்தாழ 270ஐத் தாண்டினால்தான் சீனி சிறுநீரில் வழியும், அதுவும் மாதக்கணக்கில் வாளித் தண்ணீர் குடித்திருக்கிறான். ஆகவே வருத்தம் உண்மை, அளவுதான் கேள்வி.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், காலை ஊசியிலிருந்து மாலை ஊசிவரை இரண்டு மணிக்கொரு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஊசி போட்டு எத்தனையாவது மணியில் சீனி அடிமட்டத்துக்குப் போகிறது என்பதுதான் வைத்தியருக்கு வேண்டியது, காலை இலக்கம் மட்டும் அதைச் சொல்லாது. ஊசிக்கு முன் 200க்குக் கீழே இருந்தால் போடாமல் வைத்தியரோடு கதையுங்கள். இது புதியவர்களுக்கு நான் சொல்லும் எல்லை, அனுபவம் வந்தால் அவரே மாற்றித் தருவார். 60க்குக் கீழே போனால் உடனே சாப்பாடு. தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள். வலிப்பு வந்தவனின் வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மறந்துவிடுவேன், சிரிஞ்சைப் பாருங்கள். வழக்கமான கிளார்ஜின் ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் உள்ளது, அதற்கு யூ-100 சிரிஞ்சுதான். பாமசியில் யூ-40 சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தால், அதே கோட்டில் இரண்டரை மடங்கு மருந்து ஏறும்.

சரி, இப்போது கோப்பை. பைக்கற்றின் பின்பக்கம் புரதம் 30, கொழுப்பு 10, ஈரம் 10, சாம்பல் 8, நார் 4 என்று இருந்தால் கூட்டி 100இல் கழியுங்கள். மிச்சம் 38, அதுதான் மாச்சத்து, அதை அவர்கள் எழுதமாட்டார்கள். புரதத்தையும் மாச்சத்தையும் மூன்றரையாலும், கொழுப்பை எட்டரையாலும் பெருக்கினால் கலோரிக் கணக்கு வரும்: 105, 133, 85. பூனைக்குக் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 41 மாச்சத்திலிருந்து. நமக்கு வேண்டியது ஏறத்தாழ 10, அதற்குக் கீழே போனால் இன்னும் நல்லது. கணக்கு டீச்சரோ தமிழ் டீச்சரோ தெரியாது, ஆனால் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். அரைத்த களிபோல் இருக்கும் டின் உணவு பெரும்பாலும் தேறும். குழம்பில் மிதக்கும் துண்டுகளாக வருவதில் மாவு கூட.

அவித்த மீன் மட்டும் போதாது. டோரின் என்ற சத்து பூனைக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும், குறைந்தால் இதயமும் கண்பார்வையும் கெடும். அது அவித்த தண்ணீரில் கரைந்து போய்விடும், நாம் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். மீன் சதையில் கல்சியமும் போதாது. டின் கிடைக்காத ஒரு வாரத்துக்குக் கோழியையோ மீனையோ அவித்த தண்ணீரோடு கொடுக்கலாம், உப்பு, வெங்காயம், உள்ளி இல்லாமல். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். நிரந்தரமாக வீட்டுச் சமையல்தான் என்றால் டோரினும் கல்சியமும் சேர்த்து வைத்தியரிடம் அளவு எழுதி வாங்குங்கள்.

மாற்றும் நாளை வைத்தியருக்கு முதலே சொல்லி, ஊசியைக் குறைப்பதா என்று கேளுங்கள். பிறகு பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள், அந்தப் பத்து நாளும் காதைத் தவறவிடாதீர்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்க வேண்டாம். கறுப்பனைப்போல் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே ஆளைக் கொண்டுபோகும். வருத்தம் தொடங்கிய கையோடு இன்சுலினும் உணவு மாற்றமும் சேர்ந்தால் சில பூனைகளுக்கு மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகும். செல்லனுக்கு ஐந்தாம் மாதம் நிறுத்தினோம். அந்த விஷயத்தில் அக்கா சொன்னது பலிக்கலாம்.

கேள்வி: எங்கள் பூனை வள்ளத்திலிருந்து இறங்கும் சூரையும் சாளையும் பச்சையாகத் தின்றே வளர்கிறது. அதற்கும் சீனி வருத்தம் வருமா?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: மீனால் சீனி ஏறாது, தம்பி. பிரச்சினை வேறு. சில மீன்களைப் பச்சையாகவே தின்றால் அவற்றிலுள்ள ஒரு நொதியம் தயமின் என்ற விற்றமினை அழிக்கும், பூனை தலை குனிந்து தள்ளாடும். கொழுப்புக் கூடிய மீன் வகையை மட்டுமே தின்றால் உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டாலே கத்தும். அவித்துக் கொடுங்கள், இடைக்கிடை கோழி ஈரலும் இதயமும் கலந்து கொடுங்கள்.

கேள்வி: தண்ணீர் நிறையக் குடிக்கும் எங்கள் பூனை ஒரு வாரமாகப் பின்னங்காலைக் குதிவரை தரையில் ஊன்றி முயல்போல் நடக்கிறது. மதிலால் விழுந்திருக்குமா?
– வாசகி, பாலையூற்று

பதில்: விழுந்திருந்தால் பெரும்பாலும் ஒரு காலைத் தூக்கும். இரண்டு காலும் ஒன்றுபோல் குதியில் இறங்கினால் சீனி கூடி நரம்பைத் தாக்கியிருக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், பனடோல் கொடுக்கவே கூடாது, அது பூனைக்கு நஞ்சு. இந்த வாரமே இரத்தம் பார்க்கக் கொண்டுபோங்கள். போகும்போது, சொறிக்கென்று முன்னர் நீண்ட நாள் நிற்கும் ஸ்டீரொயிட் ஊசி ஏதும் போட்டதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அதுவும் சீனியைக் கூட்டும்.