வாயில் நுழையாத பெயர்களை எப்படிக் கூப்பிடுவது?

"பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இப்போது வைக்கிற பெயர்கள் பல வாயில் நுழைவதில்லை. தப்பாகச் சொல்லிச் சங்கடப்படுத்துவதற்குப் பதில் படுக்கை எண்ணைச் சொல்லியே கூப்பிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஸ்கேனுக்குப் போய்த் திரும்புவதற்குள் படுக்கை மாறிவிடும். பெயர், பிறந்த தேதி என்று குறைந்தது இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது.

பெயரைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "உங்க பேரை ஒரு தடவை சொல்லுங்களேன், சரியாகக் கூப்பிடணும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் சொன்னபடியே உச்சரிப்பைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கும் உதவும். "நீங்க இன்னார்தானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். காது மந்தமானவரும் மயக்கம் தெளியாதவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி ஊசி போடக் கூடாது.

என்னைக் கேட்டால், விசித்திரமான பெயரைவிடப் பெயரே இல்லாத குழந்தைதான் அதிகக் கவலை. பெயர் வைக்கும்வரை பல இடங்களில் குழந்தைகள் பதிவேட்டில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்றே இருக்கும். இரண்டு குழந்தைகளுக்குத் தாயின் இனிஷியலும் ஒன்றாக இருந்துவிட்டால், ஒரு குழந்தைக்கு எழுத வேண்டிய மருந்து இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும். அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தாயின் பெயரையும் சேர்த்து 'இன்னாரின் மகள்' என்று பதிந்து பார்த்தார்கள். ஆள் மாறி எழுதிய உத்தரவுகள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. 2015-ல் வெளியான ஆய்வு அது. இரட்டையர் என்றால் முன்னால் 1, 2 என்று எண்ணும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கூப்பிடும் பெயரில் புதுப் பதிவு திறப்பதும் ஆபத்து. பென்சிலின் ஒவ்வாமை பழைய பதிவில் இருக்கும், டாக்டர் திறந்து பார்ப்பது புதியதாக இருக்கும். கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே எழுதுங்கள். ஒரே ஒலியில் எழுத்து மட்டும் மாறும் பெயர்களை அடையாள அட்டை பார்த்து, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

அப்புறம், வினோதமான பெயரைக் கேட்டால் வெளியே சொல்லத் தோன்றும். வேறு யாருக்கும் இல்லாத பெயர் என்றால், ஊர், தேதி எதுவும் சொல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், கைப்பட்டையைப் படமெடுக்கவும் வேண்டாம். "பேர் எப்படி இருக்கு?" என்று பெற்றோரே கேட்டால் அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை. பிறப்புப் பதிவுப் படிவத்தை அவர்கள் கையில் கொடுத்து, எழுத்து சரிதானா என்று வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் திருத்த வேண்டுமென்றால் அவர்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.