இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு ஹெட் காலர்: கேள்வி பதில்

துள்ளலான நாய்களை ஹெட் காலர் போட்டு நடத்துவது பற்றி நாய் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து, பிறகு நாய்ப் பயிற்சிக்கு வந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (கோவை): அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு ஒன்றரை வயது, எடை 34 கிலோ. போன வாரம் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்ததில் அம்மா தெருவில் விழுந்துவிட்டார். கடைக்காரர் ஹெட் காலர் வாங்கச் சொல்கிறார். அது என்ன செய்யும்?

பதில்: முதல் வேலையாக அம்மா கையில் இருந்து லீஷை (நாயைப் பிடித்து நடத்தும் கயிறு) வாங்கிவிடுங்கள். நாய் பழகி முடியும் வரை நீங்களே நடத்துங்கள்.

ஹெட் காலரில் இரண்டு வார்கள் உண்டு. ஒன்று காதுகளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றும். மற்றது மூக்கின் மேல் வளையமாகப் போகும். பெரும்பாலான வகைகளில் லீஷைத் தாடைக்குக் கீழே மாட்ட வேண்டும். குதிரையை முகவாரைப் பிடித்து நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏற்பாடுதான். நாயின் பலம் மார்பிலும் தோளிலும் இருக்கிறது. கழுத்துக் காலரிலோ, முதுகில் லீஷ் மாட்டும் ஹார்னெஸ்ஸிலோ (மார்பையும் உடம்பையும் சுற்றி மாட்டும் வார்) அந்தப் பலம் முழுவதையும் போட்டு அது இழுக்கலாம். தாடைக்குக் கீழே பிடித்திருந்தால் இழுக்க இழுக்க முகம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். முகம் ஒரு பக்கம் திரும்பிய நாயால் மறுபக்கம் பாய முடியாது.

பிரிட்டனில் விலங்கு உளவியலாளர் ரோஜர் மக்ஃபர்ட் உருவாக்கிய ‘ஹால்ட்டி’, அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஆர். கே. ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் சேர்ந்து உருவாக்கிய ‘ஜென்டில் லீடர்’ இரண்டும் பெயர்பெற்றவை. கடைகளில் கிடைக்கும் மற்றவற்றில் பல இவற்றைப் பார்த்துச் செய்தவை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹெட் காலர் உங்கள் நாய்க்கு எதையும் கற்றுத்தராது. கழற்றிய மறுநாள் அது பழையபடி இழுக்கும். பாயாமல் நடக்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்திக் கற்றுத்தர வேண்டியவர் நீங்கள். லீஷ் தொய்வாக இருக்கும்போதெல்லாம் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். இறுகினால் நின்றுவிடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், வேறு வழியில்லை.

கேள்வி (மதுரை): மேடம், ஆசையாக வாங்கி மாட்டினேன். நாய் தரையில் புரண்டு, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டி, கடைசியில் நடக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டது. எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு இது ஒத்துவராதோ?

பதில்: எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். கடையில் வாங்கி, வாசலிலேயே மாட்டி, அப்படியே தெருவுக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். மூக்கின் மேல் எதுவும் பட்டுப் பழகாத பிராணி வேறு என்ன செய்யும்?

1998இல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரண காலர் அணிந்த நாய்களையும் ஹெட் காலர் அணிந்த நாய்களையும் ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோன் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஹெட் காலர் போட்டவை மூக்கைக் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தன. சிலர் இதைக் காட்டி, “பார்த்தீர்களா, நாய்க்கு ஒன்றும் ஆகாது” என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். நாய் முகத்தைத் தேய்ப்பது, பிடிக்கவில்லை என்று அது சொல்லும் முறை. பிடிக்க வைப்பது நம் பொறுப்பு.

ஒரு வாரத்துக்கு அதைத் தெருவுக்கே கொண்டுபோகாதீர்கள். மூக்கு வளையத்தை விரித்துப் பிடித்து, அதன் மறுபுறம் வேகவைத்த கோழித் துண்டை நீட்டுங்கள். நாய் தானாக மூக்கை நுழைத்து எடுக்கட்டும். நீங்கள் வளையத்தை மூக்கில் தள்ளக் கூடாது, முக்கியமான விதி இது. கோழித் துண்டுக்காக மூக்கு தானே பாய்ந்து நுழையத் தொடங்கியதும் சில நொடிகள் அங்கேயே வைத்துத் தொடர்ந்து ஊட்டுங்கள். அடுத்ததாகக் கழுத்து வாரை மட்டும் பூட்டிச் சாப்பாடு வையுங்கள். பிறகு இரண்டையும் பூட்டிச் சாப்பாடு. அதன் பின் லீஷ் மாட்டிக் கூடத்தில் நான்கு நடை, அப்புறம் மாடியில், அப்புறம் வாசல் வரை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் போதும், காலையும் மாலையும்.

நடுவில் ஒன்றிரண்டு முறை முகத்தைத் தேய்த்தால் உற்சாகமாகப் பேசிக்கொண்டே நடையைத் தொடருங்கள், பெரும்பாலும் மறந்துவிடும். தரையில் புரண்டால், வாலை இடுக்கினால், எச்சில் ஒழுகினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். கழற்றிவிட்டு முந்தைய படிக்குப் போங்கள். சில நாய்கள் பத்து நாளில் பழகும், சில ஒரு மாதம் எடுக்கும். எவ்வளவு பொறுமை காட்டியும் வெறுக்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு மார்பில் லீஷ் மாட்டும் ஹார்னெஸ் போதும், வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி (சேலம்): நடக்கும்போது வார் மேலே ஏறிக் கண்ணை உரசுகிறது. சின்ன அளவு வாங்க வேண்டுமா?

பதில்: அளவு சரியாகவே இருக்கலாம். பூட்டுவதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஜென்டில் லீடர் போன்ற வகையில் கழுத்து வார் காதுகளை ஒட்டி, மண்டையோடு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். தொண்டையின் முன்புறமும் மேலேயே நிற்க வேண்டும். அங்கே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் தேவை. நம் ஊரில் இரக்கப்பட்டு இதைத் தளர்த்திவிடுகிறார்கள். கழுத்து வார் தளர்ந்தால் மொத்தமும் சுழன்று, மூக்கு வார் கண்ணுக்கு ஏறும். நேர்மாறாக, மூக்கு வளையம் தளர்வாக இருக்க வேண்டும். முன்னே இழுத்தால் மூக்கின் கறுத்த, மென்மையான பகுதி தொடங்கும் இடம் வரை அது நகர வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. நாய் வாயை முழுவதும் திறந்து கொட்டாவி விட முடிகிறதா என்று பாருங்கள்.

ஹால்ட்டியின் கன்ன வார்களும் பூட்டும் முறையும் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் பொருத்தாதீர்கள், கூடவே வரும் படத்தைப் பாருங்கள். வளரும் குட்டியாக இருந்தால் வாரம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): அக்கம்பக்கத்தார் “கடிக்கிற நாயா?” என்று ஒதுங்குகிறார்கள். இது வாய்மூடியாகக் கணக்கில் வருமா?

பதில்: வராது. ஹெட் காலர் அணிந்த நாய் சாப்பிடும், தண்ணீர் குடிக்கும், குரைக்கும், கடிக்கவும் செய்யும். 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, பொது இடங்களுக்கு வரும் வளர்ப்பு நாய்களுக்கு லீஷுடன் வாய்மூடியும் வேண்டும் என்று மாநகராட்சி அறிவுறுத்தியது. அதற்கு ஹெட் காலரைக் காட்டினால் செல்லாது. உங்கள் ஊர் மாநகராட்சியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்மூடி தேவைப்படும் நாய்க்குக் கூடை வடிவத்தில் இருப்பதை வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியைப் போட்டுத் திருச்சி வெயிலில் நடத்துவது கொடுமை மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்து. நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்க இருக்கும் முதன்மையான வழியே நாக்கை நீட்டி இரைப்பதுதான்.

கேள்வி (விருதுநகர்): எங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை. தலை ஒல்லி, கழுத்து நீளம். எந்தக் காலரும் உருவிக்கொண்டு வருகிறது. ஹெட் காலர் நிற்குமா?

பதில்: தனியாக அதை நம்பாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் ஓடிப்போய் வேட்டையாடப் பிறந்தவை. முயலையோ அணிலையோ கண்டால் நின்ற நிலையில் இருந்து முழு வேகத்துக்குப் போய்விடும். அந்த வேகத்தில் ஓடி, லீஷின் முனையில் முகம் சட்டென்று நின்றால் கழுத்து திருகிக்கொள்ளும். ஒல்லிக் கழுத்துக்கு அது மிகவும் கெட்டது.

இப்படிப்பட்ட நாய்களுக்கு மார்ட்டிங்கேல் என்ற அகலமான காலர் நல்லது. இழுக்கும்போது ஓரளவுக்கு இறுகும், உருவாது, கழுத்தையும் நெரிக்காது. உடம்போடு சேர்த்து ஒரு ஹார்னெஸ் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஹெட் காலரும் வேண்டுமென்றால், இரு முனையிலும் கொக்கி உள்ள லீஷ் வாங்கி ஒரு முனையை ஹார்னெஸ்ஸிலும் மறுமுனையை ஹெட் காலரிலும் மாட்டுங்கள். பாரம் எப்போதும் ஹார்னெஸ்ஸில் விழட்டும். திசை காட்ட மட்டும் ஹெட் காலர் முனையை இரு விரலால் தொடுங்கள். மற்ற இன நாய் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: காலால் தட்டிக் கழற்றத் தெரிந்த நாய்கள் நிறைய. ஹெட் காலரையும் கழுத்துக் காலரையும் சிறு வாரால் இணைத்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): காலையில் சைக்கிளில் போகும்போது நாயையும் ஓட வைக்கிறேன். தானாகச் சுருண்டு நீளும் லீஷ் வைத்திருக்கிறேன். அதை ஹெட் காலரில் மாட்டலாமா?

பதில்: மாட்டவே கூடாது, தம்பி. சுருள் லீஷ், நீளப் பயிற்சிக் கயிறு, சைக்கிள், ஓட்டம் இவற்றில் எதனோடும் ஹெட் காலர் சேரக் கூடாது. லீஷ் நான்கு முதல் ஆறு அடிக்குள் இருக்க வேண்டும். நாய் வேகம் பிடிப்பதற்கே இடம் தராத நீளம் அது. வீட்டில் கட்டிப் போடவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். யாரும் பார்க்காத நேரத்தில் எங்காவது சிக்கிக்கொள்ளும்.

கேள்வி (ஈரோடு): பக் இன நாய்க்குப் போடலாமா?

பதில்: பக், ஷிட்சூ, புல்டாக் எதற்கும் வேண்டாம். வார் உட்கார மூக்கே இல்லை, ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் இனங்கள். ஹார்னெஸ் போடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் பொமரேனியன் காலரை இழுத்தாலே வாத்து கத்துவது போல இருமுகிறது. கண்ணிலும் அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பதில்: பொமரேனியன் போன்ற சிற்றினங்களில் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகும் நோய் அடிக்கடி வரும். நீங்கள் சொல்லும் இருமல் அதை நினைவூட்டுகிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்துக் காலரை இழுக்கும்போது கண்ணின் உள் அழுத்தம் கூடுகிறது, ஹார்னெஸ்ஸில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கழுத்திலும் முகத்திலும் எதுவும் வேண்டாம், மெத்தை வைத்த ஹார்னெஸ்தான். கழுத்தெலும்பில் வலியோ தட்டு விலகலோ உள்ள நாய்களுக்கும் இதே பதில்.

கேள்வி (தாம்பரம்): எங்கள் தெருவில் ஏழெட்டு நாய்கள். என் நாயைக் கண்டதும் கூட்டமாக வருகின்றன, இதுவும் வெறிகொண்டு பாய்கிறது. ஹெட் காலரைச் சுண்டி இழுத்தால் அடங்குமா?

பதில்: சுண்டாதீர்கள். சாதாரண காலரில் சுண்டுவதே தவறு, இதில் சுண்டினால் நேராகக் கழுத்தெலும்பைத் திருகுகிறீர்கள். நிதானமாக, ஒரே சீராகப் பக்கவாட்டில் அழுத்தம் கொடுங்கள். முகம் உங்கள் பக்கம் வந்த மறுநொடி லீஷைத் தொய்வாக விட்டுத் தின்பண்டம் கொடுங்கள். விட மறந்தால் எல்லாம் வீண்.

தெருநாய்ப் பிரச்சினையில் வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே எதிரில் வரும் நாயும் லீஷில் வரும். இங்கே அது உங்கள் மேலேயே வரும். அந்த நேரத்தில் உங்கள் நாயின் முகத்தை வேறு பக்கம் திருப்பிப் பிடித்தால், வரும் நாயை அதனால் பார்க்கவும் முடியாது, “சண்டைக்கு வரவில்லை” என்று உடல் மொழியால் சொல்லவும் முடியாது. அதனால்தான் இரு முனை லீஷை வலியுறுத்துகிறேன். தெருநாய் நெருங்கிவிட்டால் ஹெட் காலர் முனையை முழுவதும் தளர்த்தி, ஹார்னெஸ் முனையால் நாயை உங்களோடு அழைத்துக்கொண்டு நகருங்கள். ஓடாதீர்கள், தெருநாய்களின் கண்ணை முறைக்காதீர்கள். கையில் குடை இருந்தால் இடையில் விரித்துப் பிடிக்கலாம்.

அந்த நிலைக்கே போகாமல் இருப்பதுதான் திறமை. கூட்டம் எங்கே படுத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாயின் காது நிமிர்ந்து வாய் மூடிய கணத்திலேயே, அது பாய்வதற்கு முன்பே, வந்த வழியே திரும்பிவிடுங்கள். முடிந்தால் நேரத்தையும் தெருவையும் மாற்றுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். விலக்கும்போது உங்களுக்குச் சிறு கீறல் விழுந்தாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (வேலூர்): எங்கள் பயிற்சியாளர் முள் காலர்தான் வேலைக்கு ஆகும், இதெல்லாம் பொம்மை என்கிறார்.

பதில்: முள் காலர் வலியால் வேலை செய்கிறது. வலிக்கும் நேரத்தில் எதிரே ஒரு குழந்தையோ நாயோ நின்றால், வலிக்கு அதுதான் காரணம் என்று உங்கள் நாய் முடிவு செய்யக்கூடும். துள்ளலாக இருந்த நாய் உறுமும் நாயாக மாறி என்னிடம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பயிற்சியாளரை மாற்றுங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கேள்வி (நாகர்கோவில்): மூக்கின் மேல் முடி கொட்டி வரி விழுந்திருக்கிறது. எவ்வளவு காலம் போட வேண்டும்?

பதில்: வார் ஓயாமல் உரசுகிறது, அதாவது நாய் இன்னும் இழுத்துக்கொண்டே நடக்கிறது. சில நாள் ஹார்னெஸ்ஸுக்கு மாறுங்கள். தோல் சிவந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முடி பொதுவாகத் திரும்ப முளைக்கும். பிறகு மென்மையான உள்துணி உள்ளதை வாங்கி, நடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். காலக்கெடு சொல்வதற்கில்லை. அமைதியான தெருவில் லீஷ் தொய்வாகவே இருக்கிறது என்றால் அங்கே ஹார்னெஸ் மட்டும் போதும். கடைத்தெருவுக்கு மட்டும் ஹெட் காலர். இப்படி இடம் இடமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): எட்டு வயது மகள் நாயை நடத்த ஆசைப்படுகிறாள். ஹெட் காலர் இருப்பதால் கொடுக்கலாமா?

பதில்: அவளிடம் ஹெட் காலரில் மாட்டிய லீஷைக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் பயந்தால் கையைச் சட்டென்று இழுப்பார்கள், அடி நாயின் கழுத்தில் விழும். ஹார்னெஸ்ஸில் இரண்டு லீஷ் மாட்டி ஒன்றை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை அவளிடம் கொடுங்கள். லீஷைக் கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். தின்பண்டப் பையும் அவளிடமே இருக்கட்டும், நாய் அவள் பக்கத்திலேயே நடக்கும்.