பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது? வன்னி வியாபாரிகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் கப்பல் முகவர் நிறுவனங்களில் 22 வருடம் வேலை செய்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த நாள் முதல் எல்லோரும் கேட்பது எவ்.ஓ.பி., சி.ஐ.எவ். பற்றித்தான். இந்த மூன்றெழுத்துச் சொற்களுக்கு இன்கோடேர்ம்ஸ் என்று பெயர். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936 இல் முதல் தடவை வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு. மொத்தம் 11 சொற்கள். எந்த வேலை யாருடையது, எந்தச் செலவு யாருடையது, சாமானுக்கு ஏதும் நடந்தால் எந்த இடம் வரைக்கும் யார் பொறுப்பு என்பதை அவை சொல்லும். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

கிராஞ்சியில் கடலட்டை வளர்ப்பவர்: அண்ணை, ஹொங்கொங்கில் இருந்து ஒருவர் காய்ந்த அட்டை கேட்கிறார். விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். எவ்.ஓ.பி. கட்டுநாயக்க என்று விலை சொல்லச் சொல்கிறார். சொல்லலாமா?

பதில்: சொல்ல வேண்டாம் தம்பி. எவ்.ஓ.பி. கப்பலுக்கு உரிய சொல். சாமான் கப்பலின் மேல் ஏறிய கணத்தில் பொறுப்பு கைமாறுகிறது என்பதுதான் அதன் பொருள். விமானத்துக்கு அதை எழுதினால் எந்தக் கணத்தில் கைமாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கடலுக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டும் உரியவை நான்கு: எவ்.ஏ.எஸ்., எவ்.ஓ.பி., சி.எவ்.ஆர்., சி.ஐ.எவ். மற்ற ஏழும் லொறி, ரயில், விமானம், கப்பல் எதற்கும் பொருந்தும்.

உங்களுக்கு ஏற்றது எவ்.சி.ஏ. ஏற்றுமதி அனுமதியும் சுங்க வேலையும் உங்களுடையவை. வாங்குபவர் நியமித்த முகவரிடம், பேசிய இடத்தில் பெட்டிகளைக் கொடுத்தால் உங்கள் பொறுப்பு அங்கே முடிகிறது. விமானக் கட்டணம் அவருடையது.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு லொறி உரிமையாளர்: எவ்.ஓ.பி. கொழும்பு என்று விற்ற சாமான் ஏ9 வீதியில் கவிழ்ந்தால் யாருக்கு நட்டம்?

பதில்: விற்றவருக்கு. இங்கிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரம் முழுக்க விற்பவரின் பொறுப்புதான். உள்நாட்டுப் பயணத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் லொறிக்கு இருக்கும் காப்புறுதி உள்ளே இருக்கும் சாமானையும் காக்கும் என்று நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பத்திரத்தை எடுத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

பரந்தனில் முருங்கை இலைத் தூள் செய்பவர்: கொள்கலனில் அனுப்பினாலும் எவ்.ஓ.பி. வேண்டாம் என்று நீங்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். கொழும்பில் எல்லோரும் அதைத்தானே எழுதுகிறார்கள்?

பதில்: எழுதுகிறார்கள். நானும் எழுதி அனுபவப்பட்டேன், அதையே சொல்கிறேன்.

லண்டனில் ஒருவருக்கு ஒடியல் விற்றோம். எவ்.ஓ.பி. கொழும்பு. சாமான் ஒரு கொள்கலன் நிறைய இல்லை, அதனால் வாங்குபவரின் முகவர் பலருடைய சாமானோடு சேர்த்து ஏற்றுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை பேலியகொடையில் அந்த முகவரின் களஞ்சியத்தில் மூட்டைகளை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொரு மூட்டையும் கையால் தட்டினால் சலசலக்கும், அப்படிக் காய்ந்திருந்தது. கப்பல் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. இடையில் அடித்த மழைக்கு அந்தக் களஞ்சியத்தின் தகரக் கூரை ஒழுகி 40 மூட்டைகள் அடியில் பூஞ்சணம் பிடித்துவிட்டன. களஞ்சியம் அவருடைய முகவருடையது. ஆனாலும் சாமான் இன்னும் கப்பலில் ஏறவில்லை, ஆகவே பொறுப்பு எங்களுடையது. வாங்கியவர் காசைக் கழித்தார். ஒப்பந்தப்படி அவர் செய்தது சரி. அந்த ஒடியலைச் சீவிக் காயவைத்த பெண்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பட்ட பாடு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

எவ்.சி.ஏ. பேலியகொட என்று எழுதி, களஞ்சியத்தின் முகவரியையும் போட்டிருந்தால், செவ்வாய்க்கிழமை கையெழுத்து விழுந்ததோடு எங்கள் பொறுப்பு தீர்ந்திருக்கும். எவ்.ஓ.பி. உருவானது விற்பவரே சாமானைக் கப்பலருகே கொண்டுபோய் ஏற்றிய காலத்துக்கு. இன்றைக்குக் கொள்கலனைத் துறைமுக வாசலில் ஒப்படைத்த பிறகு அதை நாங்கள் கண்ணாலும் காண்பதில்லை. காணாத சாமானுக்கு ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

முழுக் கொள்கலன் எடுத்தால் இன்னொரு வேலை இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் ஒருவர் உள்ளே நிற்க, வெளியில் இருந்து கதவை ஒரு நிமிடம் மூடுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கொள்கலனைத் திருப்பி அனுப்புங்கள். வெளிச்சம் வரும் வழியால் தண்ணீரும் வரும்.

அதே பரந்தன்காரர்: சரி அண்ணை, ஆனால் எங்கள் காசு எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் கொடுப்பனவு உறுதி) மூலம் வருகிறது. கப்பலில் ஏற்றியாயிற்று என்று எழுதிய பி.எல். (கப்பல் கம்பனி தரும் சரக்குச் சிட்டை) இல்லாமல் வங்கி பணம் தராது. எவ்.சி.ஏ. என்றால் அது எனக்குக் கிடைக்காதே?

பதில்: நல்ல கேள்வி. இந்தச் சிக்கலுக்காகத்தான் 2020 பதிப்பில் எவ்.சி.ஏ.யில் ஒரு வழி திறந்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், ஏற்றிய பின் அப்படியான பி.எல்.லை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் கம்பனிக்கு அறிவுறுத்த வேண்டும். அது தானாக நடக்காது, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுத வேண்டும். எல்.சி. திறப்பதற்கு முன் எழுதுங்கள். திறந்த பிறகு திருத்தப் போனால் வங்கி ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு எடுக்கும்.

துணுக்காயில் இருந்து ஒரு மகளிர் குழுத் தலைவி: தம்பி, ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கேட்கிறார். எங்கள் ஆள்தான், நல்ல மனிதர். "எல்லாச் செலவும் சேர்த்துக் கடை வாசலில் தாருங்கள், டி.டி.பி. போடுங்கள்" என்கிறார். விலையைக் கூட்டிச் சொன்னால் போதும்தானே?

பதில்: போதாது அக்கா. பதினொன்றில் விற்பவருக்கு ஆகப் பாரமானது டி.டி.பி. கனடாவில் இறக்குமதி செய்பவர் நீங்கள் என்று ஆகிவிடும். அங்கே சுங்கத் தீர்வை, வரி, சுங்கப் பத்திரம் எல்லாம் உங்கள் தலையில். உணவுப் பொருள் இறக்குமதிக்கு அந்த நாட்டு உணவுப் பரிசோதனை முகவரகத்தின் உரிமமும் வேண்டும். துணுக்காயில் இருந்துகொண்டு அதை யார் எடுப்பது? பெட்டி அங்கே மறிபட்டால் ஒவ்வொரு நாள் களஞ்சிய வாடகையும் உங்களுடையது.

அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். இது அவருடைய நாடு, அவருடைய கடை, உரிமம் எடுக்க அவருக்குத்தான் இலகு. கப்பல் கூலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றால் சி.ஐ.பி. ரொறன்ரோ என்று சொல்லுங்கள். ரொறன்ரோ வரை கூலியும் காப்புறுதியும் நீங்கள் கட்டுவீர்கள். ஆனால் முதல் போக்குவரத்துக்காரரிடம் கொடுத்ததுமே பொறுப்பு அவருடையதாகிறது. கனடாச் சுங்கமும் அவருடையது. அவர் இன்னும் கேட்டால் டி.ஏ.பி. வரை போகலாம், அதில் இறக்குமதி வேலை அவரிடமே இருக்கும். ஆனால் கடை வாசல் வரை சேதம் உங்களுடையது. முதல் தடவைக்கு நான் அதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மன்னாரில் ஒரு மொத்த வியாபாரி: சி.ஐ.எவ். கொழும்பு என்று பருப்பு வாங்கினேன். நனைந்து வந்திருக்கிறது. விற்றவர் "கப்பலில் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது" என்கிறார். கொழும்பு வரை காசு வாங்கியவர் கொழும்பு வரை பொறுப்பில்லையா?

பதில்: இல்லை ஐயா, அவர் சொல்வது சரி. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். சி எழுத்தில் தொடங்கும் நான்கிலும் செலவு ஒரு இடத்தில் முடியும், பொறுப்பு வேறு இடத்தில் மாறும். சி.ஐ.எவ். கொழும்பு என்றால் கொழும்பு வரை கூலியும் காப்புறுதியும் அவர் கட்டியிருக்கிறார். பொறுப்போ ஏற்றிய துறைமுகத்திலேயே உங்களுக்கு வந்துவிட்டது.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமானை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்றிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மூட்டை குறைந்தால், லொறிக் கூலி யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் குறைந்தது என்றுதான் கேட்டார்கள். இங்கேயும் அதுதான்.

இனி நீங்கள் போக வேண்டியது காப்புறுதிக் கம்பனியிடம். விற்றவர் உங்கள் பெயரில் உரிமை கோரக்கூடிய பத்திரம் தந்திருக்க வேண்டும், ஒப்பந்த விலையின் 110 வீதத்துக்கு. அதில் "சி" பிரிவு என்று இருக்கிறதா பாருங்கள். சி.ஐ.எவ்.வில் விற்பவர் கட்டாயம் எடுக்க வேண்டியது அந்த ஆகக் குறைந்த பிரிவு மட்டும்தான். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கு அது காசு தரும். மழைத் தண்ணீருக்கும் திருட்டுக்கும் தராது. கொள்கலனுக்குள் கடல் நீர் புகுந்ததற்குக்கூட "பி" பிரிவு வேண்டும். சி.ஐ.பி.க்கு 2020 இல் இருந்து அகன்ற "ஏ" பிரிவு கட்டாயம். சி.ஐ.எவ். வாங்கினாலும் "ஏ பிரிவுக் காப்புறுதி" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம், விலை கொஞ்சம்தான் கூடும்.

இப்போதைக்கு மூட்டைகளை அசைக்காமல் படம் எடுங்கள். காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள். கப்பல் கம்பனிக்கு இன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாள்தான் வழமையான கெடு.

வவுனியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவர்: கோயம்புத்தூரில் இருந்து மெஷின் எடுக்கப் போகிறேன். ஒருவர் எக்ஸ் வேர்க்ஸ் 6,000 டொலர், இன்னொருவர் எவ்.ஓ.பி. தூத்துக்குடி 6,400 டொலர். முதலாமவர்தானே மலிவு?

பதில்: இரண்டு விலையையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். எக்ஸ் வேர்க்ஸ் என்றால் அவர் தன் தொழிற்சாலையில் மெஷினைக் காட்டுவார், அவ்வளவுதான். லொறியில் தூக்கி ஏற்றுவதுகூட உங்கள் வேலை. தூத்துக்குடி வரை லொறி, இந்தியச் சுங்கத்தில் ஏற்றுமதிப் பத்திரம், துறைமுகக் கூலி எல்லாம் உங்கள் செலவு. இந்தியாவில் ஏற்றுமதிப் பத்திரம் போட அந்த நாட்டு ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும், வவுனியாக்காரருக்கு அது ஏது? ஒரு முகவரைப் பிடிக்க வேண்டும், அவருக்கும் காசு. 400 டொலர் வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும். எக்ஸ் வேர்க்ஸ் உள்நாட்டு வியாபாரத்துக்குத்தான் நல்லது.

முதலாமவரின் மெஷின்தான் பிடித்திருக்கிறது என்றால் எவ்.சி.ஏ. கோயம்புத்தூர் என்று விலை கேளுங்கள். அவருடைய தொழிற்சாலையிலேயே ஒப்படைப்பதாக எழுதினால் லொறியில் ஏற்றுவதும் ஏற்றுமதிச் சுங்கமும் அவருடைய வேலை. அந்த ஒரு சொல் மாற்றம் உங்களுக்குப் பல தொலைபேசி அழைப்புகளை மிச்சமாக்கும்.

மற்றது, எந்தச் சொல்லில் வாங்கினாலும் இலங்கைச் சுங்கம் தீர்வையைக் கணிப்பது சி.ஐ.எவ். பெறுமதிக்கு. 6,000 டொலர் இன்வொய்சைக் காட்டினால் கூலியையும் காப்புறுதியையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கூலிச் சிட்டையைக் கவனமாக வைத்திருங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று வ.உ.சிதம்பரனாரின் பெயர். 1906 இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விடத்தான். உங்கள் மெஷின் வரப்போவதும் அந்த வழியால்தான் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மாங்குளத்தில் இருந்து வணிகப் பிரிவு மாணவி: சேர், பதினொன்றையும் எப்படி நினைவில் வைப்பது? பழைய நோட்ஸில் டி.ஏ.ரி. என்று ஒன்றும் இருக்கிறது.

பதில்: முதல் எழுத்தைப் பிடியுங்கள் பிள்ளை. ஈ, அதாவது எக்ஸ் வேர்க்ஸ், என்றால் விற்பவரின் வாசல். எவ் என்றால் வாங்குபவர் ஒழுங்கு செய்த வண்டி அல்லது கப்பல். சி என்றால் கூலி விற்பவருடையது, வழியில் வரும் சேதம் வாங்குபவருடையது. டி என்றால் போய்ச் சேரும் இடம் வரை விற்பவர். டி.ஏ.ரி.யை 2020 இல் டி.பி.யூ. என்று மாற்றிவிட்டார்கள். சாமானை வண்டியில் இருந்து இறக்கியும் கொடுக்க வேண்டியது அந்த ஒன்றில் மட்டும்தான்.

முல்லைத்தீவில் இருந்து ஒருவர்: இந்தச் சொற்களிலேயே காசு எப்போது வரும், சாமான் எப்போது வாங்குபவரின் சொத்தாகும் என்பதும் இருக்கிறதா?

பதில்: இரண்டும் இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும்.

மறுபடியும் கிராஞ்சிக்காரர்: அண்ணை, ஹொங்கொங்காரர் எவ்.சி.ஏ.க்குச் சம்மதித்துவிட்டார். "எவ்.சி.ஏ. இலங்கை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். கையெழுத்து வைக்கவா?

பதில்: இன்னும் வைக்க வேண்டாம். இலங்கை என்றால் கிராஞ்சியும் இலங்கைதான், கட்டுநாயக்கவும் இலங்கைதான். பெட்டியைக் கைமாற்றும் இடத்தை வாசல் வரைக்கும் எழுத வேண்டும். "எவ்.சி.ஏ., கட்டுநாயக்க விமான நிலையச் சரக்கு முனையம், இன்கோடேர்ம்ஸ் 2020" என்று திருத்தி அனுப்புங்கள். ஆண்டை விட்டுவிட்டால் பழைய பதிப்பா புதியதா என்று பிறகு வாதம் வரும். அவருடைய முகவரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். பெட்டிகளைக் கொடுக்கும்போது எண்ணிக்கை, நிறை, திகதி, நேரம் நான்கும் உள்ள ரசீதில் அந்த முகவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகுதான் லொறி திரும்ப வேண்டும்.