பசியா பாட்டு எழுதியது?

கேள்வி: ஐந்து வயதில் தாயை இழந்தது, வறுமை, மனக்கொந்தளிப்பு இவைதானே பாரதியைக் கவிதைப் பித்தராக்கின? துன்பப்படாதவன் கவிஞனாக முடியுமா? நானும் வேலையை விட்டுவிட்டுக் கவிதையே கதி என்று இருந்துவிடலாமா என யோசிக்கிறேன்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: யோசிப்பதற்கு முன் ஆண்டுகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

கீதை மொழிபெயர்ப்பு, கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் 1912ஐ ஒட்டி எழுதப்பட்டவை. அப்போது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அவர் வீட்டில் வறுமை இருந்தது, மறுக்கவில்லை. வேறு சிலவும் இருந்தன. பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை வந்ததால் அவர் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1910 மார்ச்சில் நின்றுபோனது. வாராவாரம் பத்திரிகைப் பக்கத்தை நிரப்பும் பாடு ஒழிந்தது. வாடகைக்காகக் கழுத்தைப் பிடிக்காத விளக்கெண்ணெய்ச் செட்டியார் வீட்டுக்காரராக அமைந்தார். உட்கார்ந்து பாட முத்தியாலுபேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பு. சரிக்குச் சரி பேச அரவிந்தர், வ.வே.சு. ஐயர்.

பசிதான் பாட்டைத் தரும் என்றால் கடையத்து நாள்கள் அல்லவா பொற்காலமாக இருந்திருக்க வேண்டும்? 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைது, கடலூர்ச் சிறை, பிறகு மனைவியின் ஊரான கடையம். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி (உதவி கேட்டுப் பாட்டாக எழுதும் கடிதம்) எழுதிப் பார்த்தார், பலனில்லை. அடுத்த ஆண்டு, தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கும் பணம் வரவில்லை. பாஞ்சாலி சபதத்துக்கு நிகரான நெடும்பாட்டு எதுவும் அங்கிருந்து வரவில்லை. அந்தச் சபதத்தின் இரண்டாம் பாகமே அவர் மறைந்த பின், 1924இல்தான் நூலாயிற்று. வறுமை செய்த வேலை இதுதான்.

குருவிக்கு அரிசி இறைத்த கதையை மேடைதோறும் உருகிச் சொல்கிறார்கள். அந்த அரிசியைக் கடன் வாங்கி வந்த மனைவி செல்லம்மாளுக்கு அதில் என்ன உருக்கம் இருந்திருக்கும்?

வாழ்க்கை கவிதைக்குள் வராது என்று சொல்லவில்லை. 1910இல் வந்த 'கனவு' என்னும் சுயசரிதைப் பாட்டில் பிள்ளைக் காதல், தந்தையின் கண்டிப்பு, ஆலை வைத்துப் பொருள் இழந்தது எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலப் படிப்பால் தந்தைக்கு ஆயிரம் செலவு, தனக்குத் தீது பல்லாயிரம் என்று கணக்கே எழுதுகிறார். காயம் அங்கே பாடுபொருளாகிறது, அவ்வளவுதான். 'கண்ணன் – என் தாய்' பாட்டைத் தாயில்லாப் பிள்ளையின் ஏக்கம் என்று மனவியல் பேசுவோர், அதே நூலில் கூலி மிகக் கேட்கும் வேலைக்காரர்களைப் பற்றிப் புலம்பும் 'கண்ணன் – என் சேவக'னை எந்த ஏக்கத்தில் சேர்ப்பார்கள்? கண்ணனைப் பல உறவுகளில் வைத்துப் பாடிய ஆழ்வார்களைக் கரைத்துக் குடித்தவர் பாரதி என்பதை மறந்தால் விளக்கம் இப்படித்தான் அரைகுறையாக நிற்கும்.

பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையைப் படியுங்கள். எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறிந்துகொள்ளக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று தன் தேவையை எழுதிவைத்திருக்கிறார். ஓரிரண்டு வருஷ நூற்பழக்கம் உள்ளவருக்கும் புரிய வேண்டுமாம். அதற்காகத்தான் தெருவில் பாடித் திரிந்த நொண்டிச் சிந்து என்னும் பாட்டு வகையைக் காவியத்துக்குள் கொண்டுவந்தார். துயரம் சிந்தா விருத்தமா என்று பாவகையைத் தேர்ந்தெடுக்காது, யாப்பறிந்தவன் தேர்ந்தெடுப்பான். 'நமக்குத் தொழில் கவிதை' என்றவர் அந்தப் பட்டியலிலேயே 'இமைப்பொழுதும் சோராதிருத்தல்' என்றும் சேர்த்தார். பித்து என்று நீங்கள் சொல்வதற்கு அவர் வைத்த பெயர் தொழில்.

சீனி. விசுவநாதன் காலவரிசையில் பதிப்பித்த பாரதி படைப்புகளை எடுத்து, ஒவ்வொரு படைப்பும் எந்த நாளில், எந்தப் பத்திரிகைக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். வேலையை விடாதீர்கள். பாரதியே 1920இல் 'சுதேசமித்திரன்' நாளிதழின் சம்பளத்துக்குத் திரும்பினார்.