வாசகர் கேள்வி பதில்: செவிலியர் படிப்பும் மாற்றுத்திறனாளிகளின் வரலாறும்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போடவும் கட்டு மாற்றவும் கற்றுக்கொள்ள வந்த நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் விடை தெரியவில்லை.
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த வீரர்களில் பெரும்பாலோர் நெடுநாள் பிழைக்கவில்லை. அவர்களின் உயிரைப் பறித்தது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. எப்படியும் இறந்துவிடுவார்கள் என்று மருத்துவ உலகம் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்ததால், அவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதில்கூட யாரும் அக்கறை காட்டவில்லை. அக்கறை காட்டாததால் இறந்தார்கள். இறந்ததால் அந்த முடிவு சரி என்று ஆயிற்று.

இந்தச் சுழலை உடைத்தவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து சேர்ந்த அந்த நரம்பியல் மருத்துவரிடம், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையின் தண்டுவடக் காயப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாவுக்கட்டுப் படுக்கைகளை அகற்றினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றார். சிறுநீர்ப்பையைப் பராமரிப்பதில் கடும் தூய்மையைக் கட்டாயமாக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனை வளாகத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான். புகழ் குட்மனுக்குப் போயிற்று, அதில் தவறில்லை. ஆனால் அந்த 16 பேரும் வெயிலில் வந்து வில் ஏந்தியதற்குப் பின்னால், செவிலியர்களும் வார்டு ஊழியர்களும் நள்ளிரவில் செய்த, எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத வேலை இருந்தது. நீங்கள் செயல்முறைத் தேர்வில் செய்து காட்டும் இரண்டு மணி நேரத் திருப்பலின் கதையில் இது ஒரு முக்கியமான பகுதி.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது, செவிலியருக்குச் சற்றுக் கசப்பானதும்கூட. உயிர் பிழைத்தவர்களை எங்கே வைப்பது? பிரிட்டனில் பலர் பராமரிப்பு இல்லங்களில் சேர்க்கப்பட்டார்கள். தசைச் சிதைவு நோயுடன் அப்படியோர் இல்லத்தில் வாழ்ந்த பால் ஹன்ட் என்பவரும் அவருடைய தோழர்களும், எத்தனை மணிக்கு உறங்கச் செல்வது என்பது போன்ற சின்னஞ்சிறு உரிமைகளுக்கே நிர்வாகத்தோடு போராட வேண்டியிருந்தது. பணிமுறை மாற்றத்துக்கு வசதியாக மாலையிலேயே படுக்க வைக்கப்படும் ஒரு வளர்ந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1972-இல் ஹன்ட் முன்கையெடுத்து உருவான சங்கம் 1976-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: உடலில் உள்ள குறை வேறு, அந்தக் குறையுள்ளவரை வாழ்விலிருந்து ஒதுக்கிவைக்கும் சமூக ஏற்பாடு வேறு, முடக்குவது இரண்டாவதுதான். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், இந்தியா அதை ஏற்று 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தச் சிந்தனை வழியில் வந்தவை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன, இப்போது 21.

வேலூரையும் உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உணர்ச்சி இழந்த கைகால்களில் தெரியாமல் படும் காயங்களும் சூடுகளுமே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் நிறுவினார். அதன்பின் தொழுநோயாளிக்குச் செய்ய வேண்டியது என்னவென்பதே மாறியது: தினமும் பாதத்தைப் பார்ப்பது, கொப்புளத்தைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது, ஏற்ற செருப்புக் கொடுப்பது. இவை செவிலியர் பணிகள். வறிய தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ, மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்து 2016-இல்தான் நீக்கப்பட்டது.

கேள்வி: வரலாற்றில் செவிலியர்கள் எப்போதும் மாற்றுத்திறனாளிகளின் பக்கமே நின்றார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: இல்லை. நாஜி ஜெர்மனியில் 1939-இல் தொடங்கிய 'டி4' திட்டத்தில், மனநோயாளிகளும் உடல், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களும் ஆறு மையங்களில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1941 ஆகஸ்ட் வரை மட்டுமே சுமார் 70,000 பேர். வாயு அறைகள் நிறுத்தப்பட்ட பிறகும் கொலை நிற்கவில்லை. வழக்கமான வார்டுகளிலேயே அளவுக்கு மீறிய மருந்தாலும் பட்டினியாலும் தொடர்ந்தது. அந்த மருந்தைக் கரைத்து, நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இருந்தார்கள். மெசரிட்ஸ்-ஓப்ராவால்டே மருத்துவமனையைச் சேர்ந்த 14 செவிலியர்கள் மீது 1965-இல் மியூனிக்கில் வழக்கு நடந்தது. மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம் என்பதே அவர்கள் தரப்பின் மையம். அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். கீழ்ப்படிதலைத் தலையாய பண்பாகப் புகட்டும் செவிலியர் கல்வி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்கே தவறிழைத்தவர்கள் செவிலியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது என்பதே அங்கு நடந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே இடது பாதம் வளைந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தும் நடையில் சாய்வு இருக்கிறது. 12-ஆம் வகுப்பில் உயிரியல் படிக்கும் அவள் செவிலியராக வேண்டும் என்கிறாள். 'நொண்டி நடப்பவளுக்கு வார்டில் என்ன வேலை' என்று உறவினர்கள் பேசுகிறார்கள். இடம் கிடைக்குமா?
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: முதலில் மாவட்ட அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து, குறைபாட்டின் சதவீதம் குறித்த சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் பெற்றுக்கொள்ளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை, கால்களில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இட ஒதுக்கீட்டைக் குறிப்பிடுகிறது. 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒதுக்கீடு இல்லை. மற்ற மாணவிகளோடு பொதுப் போட்டியில், உடற்தகுதிச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம். நான்காண்டு பி.எஸ்சி. படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் தேவை. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் பிற பிரிவு மாணவர்களுக்கும் வழி உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை வரிவிடாமல் படியுங்கள்.

ஒரு காலின் சதவீதத்தை அளந்து ஒருவரின் தொழிலை முடிவு செய்யும் இந்த முறை குறுகலானது என்பதே என் கருத்து. 2024 அக்டோபரில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை தொடர்பான வழக்கில், சதவீதத்தை மட்டும் காரணம் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது, அவரால் படிப்பை மேற்கொள்ள இயலுமா என்பதையே மதிப்பீட்டுக் குழு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு மருத்துவப் படிப்பைப் பற்றியது. ஆயினும் அதன் நியாயம் செவிலியர் படிப்புக்கும் பொருந்தும்.

உறவினர்களுக்கு மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லுங்கள். வேலூரில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நின்றுகொண்டு செய்யும் அறுவைச் சிகிச்சைகள் இனி இல்லை என்றானபின், அமர்ந்தபடியே செய்யக்கூடிய தொழுநோயாளிகளின் கை அறுவைச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியிலிருந்து அதைச் செய்தார். வேலூரில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் உருவானது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் அறுவை அரங்கு, பிரசவ அறை உட்பட எல்லாப் பிரிவுகளிலும் பணி கட்டாயம். பல மணி நேரம் நிற்கவும் வேண்டும். சேருவதற்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, காலணியில் செய்ய வேண்டிய மாற்றம், நிற்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வது நல்லது. படிப்பு முடிந்தபின் சமுதாய நலம், மனநலம், கற்பித்தல் எனத் தேர்ந்தெடுக்க இடமுண்டு.

கேள்வி: புதிதாகப் பணியில் சேர்ந்துள்ள செவிலியர் நான். சக்கர நாற்காலியில் வரும் நோயாளியைக் கவனிக்கும்போது முதலில் எதை நினைவில் கொள்ள வேண்டும்?
– செவிலியர், கோயம்புத்தூர்

பதில்: கூட வந்தவரிடம் பேசாமல் நோயாளியிடமே பேசுங்கள், கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். பல ஆண்டுகளாகத் தண்டுவடக் காயத்துடன் வாழ்பவருக்குத் தம் உடலைப் பற்றிப் பல மருத்துவர்களைவிட நன்றாகத் தெரியும். மார்புப் பகுதியின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ள ஒருவர் திடீரென்று தலை வெடிக்கிறது, முகம் வியர்க்கிறது என்றால் பதற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பினால்கூட அவருக்கு ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள், சிறுநீரை வடிக்கும் கத்தீட்டர் குழாய் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள், ரத்த அழுத்தத்தை அளந்தபடியே மருத்துவரை அழையுங்கள். குழாயில் அடைப்பு என்று அவரே சொன்னால், பெரும்பாலும் அங்கேதான் அடைப்பு இருக்கும்.